எதிரே வருகிறவனுக்காக எரியும் விளக்கு

தம்பி,

நீ கட்டிய இழுவைப் படகு மாதிரியின் படத்தைப் பார்த்தேன். உடல் கோணாமல் வந்திருக்கிறது, வண்ணமும் சீராகப் படிந்திருக்கிறது. இனி எல்இடி விளக்கு பொருத்த வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். பாசிர் கூடாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரிய கப்பலுக்கு விளக்கு போட்ட கைதான் பிறகு சின்னப் படகுக்கும் போட்டது. இரண்டிலும் சறுக்கியதும் உண்டு, தேறியதும் உண்டு. தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். கம்பி, ஈயம், கணக்கு எல்லாம் இதில் வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். படகின் விளக்கு எதிரே வருகிறவன் பார்ப்பதற்காக எரிகிறது. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைக்கு வந்துவிடும்.

1. கடைக்குப் போகும் முன் கரைக்குப் போ.

பொழுது சாய்ந்த பிறகு ஒரு மாலை முழுக்க ஜொகூர் நீரிணைக் கரையில் உட்கார். சிங்கப்பூரை இணைத்து 1924இல் திறக்கப்பட்ட காஸ்வே நீரிணையை இரண்டாக அடைத்துவிட்டது, கப்பல் அதைக் கடந்து போக முடியாது. கிழக்கே பாசிர் கூடாங்குக்கு வரும் கப்பல்கள், மேற்கே தஞ்சோங் பெலபாஸுக்கு வரும் கப்பல்கள். ஸ்துலாங் லாவுட்டில் நின்றால் பாத்தாம் தீவுக்குப் போய்வரும் ஃபெர்ரிகளைப் பார்க்கலாம். இருட்டியதும் உருவம் மறைந்துவிடும், விளக்கு மட்டும் மிஞ்சும். சிவப்பு மட்டும் தெரிந்தால் அந்தப் படகின் இடப்பக்கத்தைப் பார்க்கிறாய். பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கம். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அது உன்னை நோக்கியே வருகிறது. தாழ்வாக ஒரே ஒரு வெள்ளை தெரிந்தால் பெரும்பாலும் உன்னை விட்டு விலகிப் போகிறது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மலாய்க்கார மூத்தவர், என் கையில் இடுக்கி கொடுக்கும் முன்பே என்னைத் துறையில் நிற்கவைத்து ஒவ்வொரு விளக்காகக் காட்டினார். "இது எந்தப் பக்கம் போகிறது, சொல்" என்று கேட்டார். சரியாகச் சொல்லும்வரை பட்டறைக்குள் கூப்பிடவில்லை. அவர் என்னைக் கேட்டதை நீ உன்னையே கேட்டுப் பழகு. கண் கற்றுக்கொண்டதைத்தான் கை ஒழுங்காகச் செய்யும்.

2. நிறத்தை மாற்றாதே, அது கொடுத்த வாக்கு.

கடலில் கப்பல்கள் மோதாமல் காக்கும் அனைத்துலக விதிகள் 1972இல் எழுதப்பட்டன. 1977 ஜூலை 15 முதல் நடப்புக்கு வந்தன. அவற்றின்படி இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர்முன்னிலிருந்து தன் பக்கமாக 112.5 பாகைக்குத் தெரிய வேண்டும். பாய்மரக் கம்பத்து வெள்ளை முன்பக்கம் 225 பாகைக்கும், பின்விளக்கு பின்பக்கம் 135 பாகைக்கும் தெரிய வேண்டும். கூட்டிப் பார், 360. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் உன் படகு தன்னைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு முறை பூங்கா ஏரியில் ஒரு பையன் கொண்டுவந்த படகில் சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருந்தன. மற்றபடி அருமையான வேலை, சுற்றிலும் கூட்டம். அங்கே இருந்த ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர் கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். பிறகு பையன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அடுத்த வாரம் அது சரியாகி வந்தது. நிறத்தில் பொய் கூடாது என்பதை அதில் படித்துக்கொள். பிறர் பிழையை எப்படித் திருத்துவது என்பதையும் படித்துக்கொள்.

3. செய்யாத வேலையைச் செய்வதாகக் காட்டாதே.

புதிதாகத் தொடங்குகிறவனுக்கு எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் எரியவிட ஆசையாக இருக்கும். அந்த ஆசையை அடக்கு. ஒரு படகு அந்த நேரத்தில் என்ன செய்கிறதோ அதை மட்டும்தான் அதன் விளக்கு சொல்ல வேண்டும். உன் மாதிரியின் அசல் 50 மீட்டருக்குக் குறைந்த இழுவைப் படகு. தனியாக ஓடும்போது கம்பத்தில் ஒரு வெள்ளை போதும். பின்னால் மிதவையை இழுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை. படகின் பின்முனையிலிருந்து இழுக்கப்படும் மிதவையின் கடைசிவரை 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று. அதோடு பின்விளக்குக்கு மேலே மஞ்சள் விளக்கு ஒன்று. அந்த மஞ்சளைப் பார்க்கிறவன், 'இதற்கும் பின்னால் வருவதற்கும் நடுவே கயிறு இருக்கிறது' என்று தெரிந்து விலகிப் போவான். நங்கூரம் போட்டு நின்றால் பக்க விளக்குகளை அணைத்துவிட்டு, சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளையை மட்டும் ஏற்று. இழுவலை போடும் படகுக்குப் பச்சைக்குக் கீழே வெள்ளை, வேறு வகையில் மீன் பிடிக்கும் படகுக்குச் சிவப்புக்குக் கீழே வெள்ளை, வழிகாட்டிப் படகுக்கு வெள்ளைக்குக் கீழே சிவப்பு. அழகாக இருக்கிறது என்று இவற்றை உன் இழுவைப் படகில் சேர்த்துவிடாதே. ஓட்டத்துக்கு ஒன்று, இழுவைக்கு ஒன்று, நங்கூரத்துக்கு ஒன்று என்று மூன்று சுவிட்சு தனித்தனியே வை. மனிதனுக்கும் இதே ஒழுக்கம்தான். உழைக்காத நேரத்தில் உழைப்பாளி வேடம் போடுகிறவனை நம்பி வந்தவன் நடுக்கடலில் கயிற்றில் சிக்குவான்.

4. மின்னவிடாதே.

கடையில் விட்டு விட்டு மின்னும் எல்இடி விற்பார்கள், விலையும் மலிவு. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பொம்மையில் அது அழகுதான். ஓடும் படகின் வழிவிளக்கு நிலையாக எரிய வேண்டும். விதிகளின்படி மின்னும் விளக்கு என்றால் நிமிடத்துக்கு 120 தடவையோ அதற்கு மேலோ மின்னுவது. அதைக் காற்றுமெத்தைக் கலம் போன்ற தனி வகைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சாதாரணப் படகு மின்னினால் பார்க்கிறவன் தூரத்தையும் திசையையும் கணிக்க முடியாமல் குழம்பிப்போவான். பட்டறையில் ஓர் இளைஞனின் விளக்கு, ஒயர் தளர்ந்திருந்ததால், சோதனையின்போது விட்டு விட்டு எரிந்தது. "எரிகிறதே" என்றான். "எப்போதும் எரிகிறதா?" என்று கேட்டார் மூத்தவர். அந்தக் கேள்வி அதன் பிறகு என்னை விட்டுப் போகவே இல்லை. நிலைத்து எரிவதுதான் விளக்கின் குணம். நம்பி வருகிறவனுக்குத் தேவையானதும் அதுதான்.

5. வெளிச்சத்தில் அடக்கம் வேண்டும்.

12 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் இடைப்பட்ட உண்மைப் படகின் பக்க விளக்கு 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். உன் படகு ஐம்பதில் ஒரு பங்கு. அந்தத் தூரத்தையும் ஐம்பதால் வகுத்துப் பார், ஏறக்குறைய 74 மீட்டர்தான் வருகிறது. ஏரியின் அக்கரைக்குத் தெரிந்தால் போதும். சாதாரண எல்இடிக்கு 20 மில்லியாம்பியர் வரை கொடுக்கலாம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். நீ 5 மில்லியாம்பியருக்குமேல் போகாதே. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளையை வைத்தால், நீ பாடுபட்டுச் செய்த சுக்கான் அறையும் கைப்பிடிக் கம்பியும் அந்தப் பளபளப்பில் காணாமல் போய்விடும். குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டர் நிற்கும், அதற்குள் படித்து முடிக்க வேண்டும். வெளிச்சம் அளந்து வந்த வீட்டில், தேவைக்கு எவ்வளவு, வீண் எவ்வளவு என்று பிள்ளைகளுக்கே தெரியும். அந்த அளவு உனக்கும் தெரியட்டும்.

6. படகின் வயதை மதி.

உன் படகு எந்தக் காலத்தது என்று முதலில் முடிவு செய். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962இல் செய்தார். நல்ல வெளிச்சமுள்ள நீல எல்இடி 1990களில்தான் வந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபெல் பரிசு கிடைத்தது. நீலம் வந்த பிறகுதான் அதன்மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசி வெள்ளை எல்இடி செய்ய முடிந்தது. ஆகவே 1960களின் படகில் நீலம் கலந்த குளிர்ந்த வெள்ளை எரிந்தால் அது அந்தக் காலத்து விளக்கே இல்லை. அப்போது இழை விளக்குதான், ஒளியில் மஞ்சள் சாயல் இருக்கும். கடையில் வெதுவெதுப்பான வெள்ளை என்று கேட்டு வாங்கு. அறைக்குள் எரியும் விளக்குக்கு இது இன்னும் முக்கியம். பழைய படகின் மாதிரியைச் செய்கிறவன், அதில் வாழ்ந்து வேலை செய்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன். அந்தப் பொறுப்பு உன் கையில் இருக்கட்டும்.

7. கணக்கை மோசமான நாளுக்குப் போடு.

இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியின் மேல் 7.4 வோல்ட் என்று எழுதியிருக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறியதும் அது 8.4 வோல்ட். உன் கணக்கை அந்த 8.4க்குப் போடு. சிவப்பு எல்இடி எடுத்துக்கொள்வது சுமார் 2 வோல்ட். மிச்சம் 6.4 வோல்ட்டை 0.005 ஆம்பியரால் வகுத்தால் 1,280 ஓம். அந்த அளவு கடையில் இல்லையென்றால் அதற்கு மேலே உள்ள 1.5 கிலோ ஓம் வாங்கு, கீழே இறங்காதே. வெள்ளைக்கு ஏறக்குறைய 3 வோல்ட். மிச்சம் 5.4, அப்படியானால் 1.2 கிலோ ஓம். இந்தக் காலத்துப் பச்சையும் 3 வோல்ட்டை ஒட்டியதுதான். ஆனால் மனிதக் கண்ணுக்குப் பச்சை தூக்கலாகத் தெரியும். 2.2 கிலோ ஓமில் தொடங்கி, சிவப்போடு சமமாகும்வரை கண்ணால் பார்த்துச் சரிசெய். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர். செலவை மிச்சம் பிடிக்க ஒரே ரெசிஸ்டரில் சிவப்பையும் பச்சையையும் இணையாகக் கோக்காதே. குறைந்த வோல்ட்டில் எரியத் தொடங்கும் சிவப்பு, பந்தியில் போதும் என்று சொல்லத் தெரியாத பிள்ளையாக, வரும் மின்னோட்டத்தையெல்லாம் தானே எடுத்துக்கொள்ளும், பச்சை இருண்டு கிடக்கும். கட்டுப்பாடு அவரவர்க்குத் தனித்தனியாக இருந்தால்தான் எல்லாருக்கும் பங்கு கிடைக்கும்.

8. மறைக்க வேண்டியதை மறை.

விளக்கு தெரிய வேண்டிய இடத்தில் தெரிவது பாதி வேலை. தெரியக் கூடாத இடத்தில் தெரியாமல் இருப்பது மறுபாதி. உண்மைக் கப்பலில் பக்க விளக்கின் உள்பக்கம் மங்கிய கறுப்பு பூசிய தடுப்புப் பலகை இருக்கும். உன் படகிலும் வை. இல்லாவிட்டால் சிவப்பும் பச்சையும் முன்னால் கலந்து எதிரே வருகிறவனைக் குழப்பும். பிளாஸ்டிக் உடலுக்குள் எல்இடி எரிந்தால் சுவரே ஒளிரும். உள்ளே முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் அடித்தால் கசிவு நிற்கும், அறையும் பிரகாசமாக இருக்கும். உருண்டைத் தலை எல்இடி ஒளியை முன்னால் மட்டும் குவிக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் அணைந்தது போலவே தெரியும். அதன் தலையை 400 எண் உப்புத்தாளில் மெதுவாகத் தேய். பளிங்காக இருந்தது பால்நிறமாகும், ஒளி பக்கவாட்டிலும் பரவும். தேய்த்த பிறகு இருட்டறையில் படகை மேசைமேல் வைத்து, நீ சுற்றி நடந்து பார். எந்த இடத்தில் சிவப்பு மறைகிறது, எந்த இடத்தில் பின்விளக்கு தோன்றுகிறது என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறி. நான் சொன்ன பாகைகளோடு அது ஒத்துவரும்வரை தடுப்பை முன்னும் பின்னும் நகர்த்து. தன் எல்லை தெரிந்த விளக்கு பக்கத்து விளக்கின் வேலையைக் கெடுக்காது.

9. பதறாத காரியம் சிதறாது.

ஈயம் வைக்க உட்காரும்போது கோபத்தோடு உட்காராதே, பசியோடும் உட்காராதே. எல்இடியின் நீண்ட கால் நேர், விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் எதிர். இதை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொடு. மாற்றிக் கொடுத்தால் எல்இடி எரியாது. பலவற்றுக்கு 5 வோல்ட்டுக்குமேல் எதிர்த்திசையில் கொடுத்தால் சேதமும் வரும். 63க்கு 37 விகித ஈயம் 183 பாகை செல்சியஸில் உருகும். முனையைத் துடைத்து, இணைப்பைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயத்தை ஓடவிடு. உருகிய ஈயத்தைக் கொண்டுவந்து குளிர்ந்த கம்பியில் ஒட்டினால் அது பார்வைக்கு மட்டும்தான் இணைப்பு. மூன்று நொடிக்குமேல் சூடு காட்டாதே. ஒட்டியது பளபளப்பாகக் குழிந்து கம்பியைத் தழுவியிருந்தால் நல்லது. உருண்டையாக மங்கி நின்றால் மறுபடி செய். கம்பியை இழுத்துப் பார்க்கும்போது உன் மேலேயே இரக்கம் காட்டாதே. சன்னலைத் திறந்து வை, முடிந்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிடு. பட்டறையில் வேகமாக வேலை செய்தவர்களைவிட, ஒரே இணைப்பை இரண்டாம் முறை தொட வேண்டிய தேவை இல்லாதவர்கள்தான் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள்.

10. எது எதை இயக்குகிறது என்று எழுதி வை.

2017 ஆகஸ்டு 21, விடியும் முன், சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், நம் ஜொகூர்க் கரைக்கு அப்பால், ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலும் அல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. போர்க்கப்பலின் மாலுமிகள் 10 பேர் இறந்தார்கள். சுக்கான் பழுதாகியிருக்கவில்லை. தொடுதிரையில் சுக்கான் கட்டுப்பாடு ஓர் இருக்கையிலிருந்து இன்னோர் இருக்கைக்கு மாறிப்போயிருந்தது. அது புரியாமல், சுக்கான் செத்துவிட்டது என்று நினைத்துத் தடுமாறினார்கள். போதிய பயிற்சி இல்லாததும் கட்டுப்பாட்டுப் பலகையின் அமைப்பும் விசாரணையில் வெளிவந்தன. அதற்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை, கையால் தள்ளும் விசைப்பிடிகளைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தது. உன் படகு சின்னதுதான், ஆனால் பழக்கம் ஒன்றுதான். நேர்க் கம்பிக்குச் சிவப்பு, எதிர்க் கம்பிக்குக் கறுப்பு என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதே. ஒவ்வொரு கம்பியின் இரண்டு முனையிலும் பெயர்ச் சீட்டு ஒட்டு. முழு இணைப்பையும் ஒரு தாளில் வரைந்து மேல்தளப் பலகையின் அடியில் ஒட்டி வை. நினைவு இருக்கிறதே என்று சொல்லாதே. ஒரு மழைக்காலம் போனால் நினைவும் போய்விடும்.

11. தண்ணீரை எப்போதும் மதி.

நம் ஊர்க் காற்றே ஈரம். நீரிணைத் தண்ணீர் உப்பு. செம்புக் கம்பியில் ஒரு சொட்டு உப்பு நீர் தங்கினால், நாளடைவில் பச்சைக் களிம்பு பூத்து, நகத்தால் சுரண்டினால் கம்பியே பொடியாக உதிரும். பட்டறையில் அப்படி உதிர்ந்ததைக் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன். வெளியே விளக்குக் கூடு மின்ன, உள்ளே கம்பி இல்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் சூட்டில் சுருங்கும் குழாய் போடு. துளைகளைச் சிலிக்கோனால் அடை, ஆனால் காடி வாசனை வரும் வகையைத் தொடாதே, அந்த அமிலம் செம்பை அரிக்கும். வாசனையில்லாத நடுநிலை வகையைக் கேட்டு வாங்கு. இணைப்புகளை நீர்மட்டத்துக்கு மேலே வை. லித்தியம் பேட்டரி சிறியதாக இருந்தாலும் கம்பிகள் ஒட்டிக்கொண்டால் உடலையே எரிக்கும் அளவுக்கு மின்னோட்டம் தரும். விளக்குக் கம்பி பேட்டரியை விட்டுப் புறப்படும் இடத்திலேயே அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம் போடு. ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாதே. சார்ஜ் ஏறும்போது வீட்டை விட்டுப் போகாதே. உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தாதே. ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மேல்தளத்தைத் திறந்து காயவை. களைத்து வீடு திரும்பிய பிறகும் இதைச் செய்கிறவனுடைய படகுதான் அடுத்த ஆண்டும் எரியும்.

12. பின்னால் திறக்கப்போகிறவனை நினைத்துக்கொள்.

கம்பம், சுக்கான் அறை, உடல் மூன்றையும் ஒரே கம்பியாகச் சேர்த்து ஒட்டிவிடாதே. அறையின் அடியில் சின்னச் சொருகி வைத்தால் அறையைத் தனியாகத் தூக்கலாம். கம்பத்தைக் கழற்றும்படி செய், வண்டியில் கொண்டுபோகும்போது உடையாது. மேல்தளத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு விடு. உள்ளே போகும் கம்பிகளை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அலங்கோலமாக விடாதே, வரிசையாகக் கட்டு. கப்பலில் பழைய பலகையைக் கழற்றும்போது உள்ளே கம்பிகள் ஒழுங்காக மடித்துக் கட்டப்பட்டிருந்தால், செய்தவன் பெயர் தெரியாவிட்டாலும் அவனுக்கு மனத்தால் ஒரு கும்பிடு போடுவோம். அலங்கோலமாக இருந்தால் அன்றைய பொழுது அதிலேயே போகும். கண்ணில் படாத இடத்தில் காட்டும் ஒழுங்குதான் ஒருவனுடைய சொந்த ஒழுங்கு.

13. ஏரியில் எல்லாருக்கும் இடம் உண்டு.

முதல் ஓட்டம் வீட்டுத் தொட்டியில். படகை மிதக்கவிட்டு, விளக்குகளை ஏற்றி, ஒரு மணி நேரம் அப்படியே விடு. எது சூடாகிறது, எங்கே தண்ணீர் கசிகிறது என்று பார். அதன் பிறகு ஏரி. தூண்டில் போட்டிருக்கிறவர் பக்கத்தில் ஓட்டாதே. மெர்சிங் பக்கம் வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரிலிருந்து மார்ச்சு வரை வீசும், அந்த நாள்களில் கடற்கரையில் எதையும் மிதக்கவிடாதே. படகு நின்றுபோனால் இருட்டில் தனியாகத் தண்ணீரில் இறங்காதே. நம் ஆற்று முகங்களில் முதலை உண்டு, அது இல்லாத இடத்தில் சேறு உண்டு. தூண்டில் கயிற்றில் பந்தைக் கட்டி வீசி இழு, வராவிட்டால் விடியும்வரை பொறு. மலாய்க்கார நண்பர்கள் ஆளில்லாத ஜோங் பாய்ப்படகைக் காற்றில் ஓடவிடுவார்கள். அதற்கு இயந்திரம் இல்லை, திருப்பவும் முடியாது. நீதான் ஒதுங்க வேண்டும். படகு எவ்வளவு அழகானாலும் பக்கத்தில் நிற்கிற மனிதன் அதைவிடப் பெரியவன்.

14. வழிவிடக் கற்றுக்கொள்.

இயந்திரப் படகுகள் இரண்டு நேருக்கு நேர் வந்தால், இரண்டும் தத்தம் வலப்பக்கம் ஒதுங்கிச் சிவப்போடு சிவப்பாகக் கடக்க வேண்டும். குறுக்கே வந்தால், மற்றவனைத் தன் வலப்பக்கத்தில் காண்கிறவன்தான் வழிவிட வேண்டும். அந்த நிலையில் உன் கண்ணில் படுவது அவனுடைய சிவப்பு விளக்கு. அவன் கண்ணில் படுவது உன் பச்சை. சிவப்பைக் காண்கிறவன் விலகுகிறான், பச்சையைக் காண்கிறவன் தன் வழியே போகிறான். யாரும் யாரிடமும் பேசவில்லை, யார் பெரியவன் என்று வாதாடவில்லை. இரண்டு பேரும் விளக்கைச் சரியாக வைத்திருந்ததால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். விலகும்போதும் தயங்கித் தயங்கித் திரும்பாதே, நேரத்தோடு தெளிவாகத் திரும்பு. நீ விலகுகிறாய் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பட்டறையில், வீட்டில், நண்பர்களிடத்தில், வழிவிட்டதற்காக வருத்தப்பட்டவனை நான் அதிகம் பார்த்ததில்லை. வழிவிடாததற்காக வருந்தியவர்கள் பலர்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை, தம்பி. இன்றைக்கு ஒரு சிவப்பு எல்இடி, ஒரு 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர், நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி மூன்றையும் எடு. காலைச் சரிபார்த்து எரியவை. அது நிலையாக எரிந்தால் நாளைக்குப் பச்சை. சந்தேகம் வந்தால் எந்த நேரமும் கேள். நீ கற்றுக்கொண்ட பிறகு உன்னைவிடச் சின்னவன் ஒருவன் படகைத் தூக்கிக்கொண்டு வருவான். அவனிடம் கணக்கையும் மறைக்காதே, பட்ட அனுபவத்தையும் மறைக்காதே. முதலில் அவனைக் கரைக்கு அழைத்துக்கொண்டு போ.